மலை மேல ஒரு பரிசல்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு பழைய படகைப் பத்திப் பேசப் போறேன். குடும்பமா உட்கார்ந்து அதை எப்படிச் சரி பண்ணோம், ஏன் பண்ணோம்னு சொல்றேன்.

படகு இருக்கிற ஊர் ஜமுனாமரத்தூர். திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை. போயிருக்கிறவங்களுக்குத் தெரியும்: சாமை வயல், பலாமரம், பீமன் அருவி. இன்னொரு பக்கம் இறங்கினா காவலூர் வானியல் ஆய்வகம். கோமுட்டேரியில சுற்றுலாப் படகு விடுறாங்க, அது தனி. மத்தபடி இந்த மலைக்கும் படகுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. எங்க வீட்டுக்கு ஒரு பரிசல் வந்து சேர்ந்ததுக்குக் காரணம் என் சித்தப்பா.

அப்பாவோட சொந்த ஊர் மேட்டூர் பக்கம். 25 வருஷத்துக்கு முன்னாடி வாத்தியாரா இந்த மலைக்கு வந்தவர், இங்கேயே தங்கிட்டார். சித்தப்பா ஊர்லயே இருந்தார். மேட்டூர் அணையில பரிசல் போட்டு மீன் பிடிச்சார். அணையோட முழுக் கொள்ளளவு 120 அடின்னு செய்தியில கேட்டிருப்பீங்க. அது எவ்வளவு ஏறுது, எவ்வளவு இறங்குதுங்கிறதுலதான் அவரோட வருஷம் ஓடும். ஒரு கட்டத்துல போதும்னு முடிவு பண்ணி, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்துட்டார். போகும்போது பரிசலை ஒரு லாரியில ஏத்தி எங்க வீட்டுக்கு அனுப்பிட்டார். "அங்க கிடக்கட்டும்" – அவ்வளவுதான் சொன்னார்.

ஆறு வருஷம் அது விறகு மேல கவுந்து கிடந்துச்சு. விறகுக்கு நல்ல கூரை. நடுவுல அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஊர் நிலம் சம்பந்தமா ஒரு மனஸ்தாபம். பெரிய சண்டை எல்லாம் இல்லை. கல்யாணம், காரியம்னா பார்த்துக்குவாங்க. போன்ல பேசிக்க மாட்டாங்க. நம்ம குடும்பங்கள்ல இது ரொம்ப சாதாரணம், இல்லையா?

போன கார்த்திகையில அம்மா அந்த இடத்துல கோழிக்கூண்டு போடணும்னாங்க. பரிசலை என்ன பண்றதுங்கிற கேள்வி அப்போதான் வந்துச்சு.

எட்டாயிரம் ரூபாய்

என் தம்பி ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டான். ரெண்டே நாள்ல ஒரு கஃபேக்கு உள் அலங்காரம் பண்றவர் கூப்பிட்டார். கழுவி, வார்னிஷ் அடிச்சு, தலைகீழா உத்தரத்துல மாட்டி, உள்ள பல்பு போட்டா அருமையான விளக்கு ஆயிடும்னார். விலை எட்டாயிரம்.

தம்பி சொன்னதுல நியாயம் இருந்துச்சு. "மலையில பரிசலை வெச்சு யார் ஓட்டப் போறாங்க? இப்படியே விட்டா கரையான் தின்னும். விளக்கா இருந்தாலாவது பத்து பேர் பார்ப்பாங்க."

அம்மாதான் ஒத்துக்கலை. "விக்கிறதுன்னா அது யாருதோ அவரைக் கேளு" அப்படின்னாங்க. அப்பா எழுந்து வெளியே போயிட்டார். அதனால சித்தப்பாவுக்கு நான் போன் பண்ணேன். எட்டாயிரத்தைப் பத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "விளிம்பு நல்லா இருக்கா பாரு. விளிம்பு இருந்தா படகு இருக்கு."

அடுத்த சனிக்கிழமை காலையில அவரே வந்துட்டார். திருப்பத்தூர் வரைக்கும் ரயில், அங்கிருந்து மலை பஸ்.

கூடைதான் படகு

பரிசலை ஒகேனக்கல்ல பார்த்திருப்பீங்க, ஏறியும் இருப்பீங்க. ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு நின்னு பார்த்திருக்க மாட்டோம். கொஞ்சம் சொல்றேன்.

அது ஒரு பெரிய மூங்கில் கூடை. குறுக்களவு ஏழு, ஏழரை அடி. மூங்கிலைப் பிளந்து பிளாச்சு எடுத்து, குறுக்கும் நெடுக்குமா அடிப்பாகத்தைப் பின்னி, நுனிகளை மேல வளைச்சு, சுத்தி விளிம்பு கட்டுவாங்க. வெளிப்பக்கம் தண்ணி புகாம ஒரு போர்வை. முன்னாடி மாட்டுத் தோல், எருமைத் தோல். இப்போ பிளாஸ்டிக் சாக்கு, தார்ப்பாய், அதுக்கு மேல தார்ப்பூச்சு. ஆணி கிடையாது, பலகை கிடையாது. கை பழகினவங்க ஒரே நாள்ல ஒண்ணு பின்னிடுவாங்க.

இந்த யோசனை ரொம்பப் பழசு. கிறிஸ்துவுக்கு முந்தின 5ஆம் நூற்றாண்டுலயே ஹெரோடோட்டஸ், பாபிலோன் பக்கம் ஓடுன வட்டமான தோல் படகுகளைப் பத்தி எழுதியிருக்கார். 1520கள்ல விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், வெளிப்பக்கம் தோல் போர்த்துன கூடைப் படகுகள்ல ஜனங்க ஆத்தைக் கடக்கிறதைக் குறிச்சு வெச்சிருக்கார். ஹம்பியில துங்கபத்திரைக்குப் போனா இன்னைக்கும் அதைப் பார்க்கலாம்.

ஏன் வட்டம்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அடிப்பாகம் ஆறடி குறுக்களவுன்னு வெச்சுக்கோங்க. அது தண்ணியில 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தாலே சுமார் 260 லிட்டர் தண்ணியை ஒதுக்கும். அதாவது பரிசலோட எடையும் சேர்த்து 260 கிலோ. மூணு பெரியவங்க உட்கார்ந்தும் ஒரு சாணுக்குக் குறைவாத்தான் அமிழும். பாறை நிறைஞ்ச, ஆழம் இல்லாத ஆத்துக்கு இதைவிடப் பொருத்தமான படகு இல்லை. பதிலுக்கு ஒரு தொல்லை: முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. சும்மா விட்டா சுத்திக்கிட்டே இருக்கும். அதனால ஓட்டுறவர் ஒரு ஓரத்துல உட்கார்ந்து, தண்ணியைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் போகணும்.

தாரை உரிக்கிற வேலை

முதல் வேலை பழைய தாரை எடுக்கிறது. இதுக்கு மலைக் குளிர் எங்களுக்கு உதவுச்சு. விடியக்காலையில தார் கெட்டியா, நொறுங்குற பதத்துல இருக்கும். உளியை வெச்சு லேசா தட்டினா சில்லு சில்லா உதிரும். பத்து மணி வெயில் பட்டா இளகி, கையில, துணியில, கோழி மேல எல்லாம் ஒட்டும். அதனால ஆறு மணிக்கு ஸ்வெட்டர் போட்டுட்டு உட்கார்ந்து, ஒன்பது மணிக்கு நிறுத்திடுவோம்.

உரிக்க உரிக்க அடுக்கு அடுக்கா வந்துச்சு. தார், சாக்கு, மறுபடி தார், வேற சாக்கு. மேல இருந்தது ஒரு பிளெக்ஸ் பேனர். அடுத்தது சிமென்ட் மூட்டை. அதுக்கும் கீழே உரச் சாக்கு. சித்தப்பா ஒவ்வொண்ணையும் கையில எடுத்துப் பார்த்தார். "இது பாப்பா பொறந்த வருஷம். இது தண்ணி ரொம்ப இறங்கி, சேத்துல இழுத்துட்டுப் போனப்ப கிழிஞ்சது." மரத்துல வளையம் எண்ணுற மாதிரி, அவர் அந்தச் சாக்குகளை எண்ணினார்.

அப்பா கொஞ்ச தூரத்துல நாற்காலி போட்டு செய்தித்தாள் படிச்சிட்டிருந்தார். ரெண்டாவது நாள் நாற்காலி கொஞ்சம் கிட்ட வந்துச்சு. உரச் சாக்கு வந்தப்போ, "இது நம்ம ஐயா வாங்கின மூட்டைடா" அப்படின்னார். எங்க தாத்தாவை அவங்க ரெண்டு பேரும் ஐயான்னுதான் கூப்பிடுவாங்க. சித்தப்பா நிமிர்ந்து பார்த்து, "ஆமா அண்ணா" அப்படின்னார். அன்னைக்கு அவ்வளவுதான் பேச்சு.

தாத்தாவும் சித்தப்பாவும்

தார் போனதும் உண்மை நிலவரம் தெரிஞ்சுது. விளிம்பு பாதிக்கு மேல நல்லா இருந்துச்சு. அடிப்பாகத்துல 44 பிளாச்சு எண்ணினோம். அதுல 19 உளுத்துப் போச்சு. தட்டினா மாவு கொட்டுது. மூங்கில்ல இருக்கிற மாவுச்சத்துக்காகத்தான் வண்டு வந்து குடையுது. அதனால நல்லா முத்துன மூங்கிலை வெட்டி, கொஞ்ச நாள் தண்ணியில ஊறப் போட்டு, அந்தச் சத்தை இறங்க விடுவாங்க.

மூங்கிலுக்கு எங்க போறது? மலைதானே, காட்டுல போய் வெட்டிக்கலாமேன்னு நினைக்காதீங்க. காப்புக்காட்டுல நம்ம இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள் பட்டியல்ல சேர்த்தது. அந்த உரிமை காட்டைச் சார்ந்து வாழுற மக்களுக்கு. 2017ல 1927ஆம் வருஷ வனச் சட்டத்தைத் திருத்தி, 'மரம்'ங்கிற வரையறையில இருந்து மூங்கிலை எடுத்தாங்க. அதுக்கு அப்புறம் காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்துல வளர்ற மூங்கிலை வெட்டுறது சுலபமாச்சு. நாங்க வாங்கினது பக்கத்து ஊர்ல ஒருத்தர் கொல்லையில இருந்த கல் மூங்கில். உள்ள பொந்து ரொம்பக் குறைவு, கனம்.

அந்த ஊர்லயே கூடை முடையற ஒரு தாத்தா இருந்தார். மலையாளி பழங்குடி. முறம், கூடை, தானியம் கொட்டி வைக்கிற தொம்பை எல்லாம் அவர் கையில வரும். வாழ்க்கையில பரிசல் ஏறினதில்லை. வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "யார் பின்னினது? இவ்வளவு இடைவெளி விட்டிருக்கு" அப்படின்னார்.

சித்தப்பா சொன்னார்: "அது வேணும்னே விட்டது ஐயா."

"இறுக்கமாப் பின்னினாத்தானே உறுதி?"

"கூடைக்கு உறுதி. இது பாறையில மோதும். மோதுனா வளைஞ்சு குடுக்கணும். இறுக்கிப் பின்னினா அந்த இடத்துல ஒடியும்."

தாத்தா ஒண்ணும் சொல்லலை. குனிஞ்சு, உள்ளங்கையால அடிப்பாகத்தை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். "சரி, கத்தியைக் குடு தம்பி."

மூங்கிலைப் பிளக்கிறதுல தாத்தா பெரிய ஆள். கணுவுல கத்தி வெச்சு, முழு நீளத்துக்கும் ஒரே அகலத்துல பிளாச்சு எடுக்கிறார். சித்தப்பாவுக்கு அது அவ்வளவு நேர்த்தியா வராது. ஆனா எங்க தளர விடணும், எங்க இறுக்கணும்னு சித்தப்பாவுக்குத்தான் தெரியும். ஒருத்தர் ஆத்துக்காரர், ஒருத்தர் மலைக்காரர். ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் அந்த அடிப்பாகம். நானும் தம்பியும் நனைஞ்ச பிளாச்சைப் பிடிச்சுக் குடுக்கிற வேலை. விரல்ல சிராய் ஏறாத நாள் இல்லை.

அன்னைக்கு சாயங்காலம் டீ குடிக்கும்போது சித்தப்பா சொன்ன ஒரு வார்த்தை எனக்குள்ள தங்கிடுச்சு. "திருப்பூர் போய் ஆறு வருஷம் ஆச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒண்ணை யாரும் இதுவரைக்கும் என்கிட்ட கேட்டதில்லை."

இதைக் கேட்டதும் விளக்கு விஷயம் தானா முடிஞ்சு போச்சு. தம்பியே அந்த கஃபேக்காரருக்கு மெசேஜ் போட்டுட்டான்.

பொருளைக் காப்பாத்துறதா, வேலையைக் காப்பாத்துறதா?

இந்த இடத்துல மலையை விட்டுக் கொஞ்சம் வெளியே போவோம்.

பழைய படகைப் பாதுகாக்கிறதுன்னா நமக்கு அருங்காட்சியகம்தான் ஞாபகம் வரும். பரிசலுக்கு அது சரிப்படாது. தோலும் மூங்கிலும் சில வருஷத்துல மக்கிடும். ஆயிரக்கணக்கான வருஷமா இந்தப் படகு இருக்குன்னா, ஏதோ ஒரு படகு அத்தனை நாள் தாங்கினதால இல்லை. அதைத் திரும்பத் திரும்பப் பின்னத் தெரிஞ்ச கைகள் இருந்ததால.

பெரிய அளவுல இதைக் காட்டுன ஒரு உதாரணம் இருக்கு: ஐஎன்எஸ்வி கவுண்டின்யா. அஜந்தா ஓவியம் ஒண்ணுல வர்ற 5ஆம் நூற்றாண்டுக் கப்பலை மறுபடி கட்டிப் பார்ப்போம்னு ஆரம்பிச்ச திட்டம். ஆணி இல்லாம, பலகைகளைத் தேங்காய் நார்க் கயித்தால தைச்சுச் சேர்க்கிற முறை. அந்தக் காலத்துக் கப்பல் ஒண்ணுகூட நம்மகிட்ட இல்லை, வரைபடமும் இல்லை. இருந்தது ஒரு ஓவியம். அப்புறம் கேரளாவுல தையல் படகு கட்டத் தெரிஞ்ச தச்சர்கள். பாபு சங்கரன் தலைமையில அவங்கதான் தைச்சாங்க. அது மிதக்குமா, எப்படி ஆடும்னு மாதிரி வெச்சு சோதிச்சதுல நம்ம சென்னை ஐஐடியோட கடல்சார் பொறியியல் துறைக்கும் பங்கு உண்டு. 2025 மே மாசம் கார்வார்ல கடற்படையில சேர்த்தாங்க. அந்த வருஷக் கடைசியில குஜராத்தோட போர்பந்தர்ல இருந்து மஸ்கட்டுக்குக் கிளம்புச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்தத் தச்சர்களுக்குத் தைக்கத் தெரியாம இருந்திருந்தா, ஓவியம் ஓவியமாத்தான் இருந்திருக்கும்.

தண்ணி சோதனை

போர்த்துறதுக்குத் தடிமனான தார்ப்பாய் வாங்கினோம். சாக்கு ஊசியால விளிம்போட சேர்த்துத் தைச்சு, மேல தார். தார் காய்ச்சுற வேலையை வீட்டுக்குத் தள்ளி, திறந்த வெளியில வெச்சுக்கோங்க. பாத்திரத்துல துளி ஈரம் இருந்தாலும் சூடான தார் நுரைச்சுப் பொங்கும். தோல்ல பட்டா ஒட்டிக்கிட்டுச் சுடும். நாங்க கையுறை, முழுக்கை சட்டை, ஷூ போட்டுக்கிட்டோம். பக்கத்துல ஒரு குவியல் மணல். அந்த வேலை முழுக்கப் பெரியவங்க கையிலதான்.

ஓட்டை இருக்கான்னு பார்க்க சித்தப்பா ஒரு வழி சொன்னார். பரிசலை நாலு கல் மேல தூக்கி வெச்சு, உள்பக்கம் தண்ணி ஊத்தணும். அப்புறம் கீழே படுத்து, எங்க சொட்டுதுன்னு பார்த்து சாக்பீஸ்ல வட்டம் போடணும். மூணு வட்டம் போட்டோம். தண்ணியை வடிச்சு, நல்லாக் காய விட்டு, அந்த இடத்துல மறுபடி தார்.

பொது ஏரியில சொந்தப் படகை இஷ்டத்துக்கு இறக்கக் கூடாது. அதனால தெரிஞ்சவர் ஒருத்தரோட பண்ணைக்குட்டையில இறக்கினோம், அவர்கிட்ட கேட்டுட்டு. மழை முடிஞ்சு மாசி மாசம், குட்டை நிறையத் தண்ணி. முதல்ல ஆள் ஏறலை. மணல் மூட்டைதான். அரை மணி நேரம் மிதக்க விட்டு, அடியில ஈரம் இருக்கான்னு தடவிப் பார்த்தோம். காய்ஞ்சிருந்துச்சு.

அப்புறம் லைஃப் ஜாக்கெட் போட்டு சித்தப்பா ஏறினார். துடுப்பைக் கையில எடுத்துட்டு, கரையில நின்ன அப்பாவைப் பார்த்து, "வாங்கண்ணா" அப்படின்னார். அப்பாவுக்கு நீச்சல் தெரியும். மேட்டூர்க்காரர் ஆச்சே. ஆனாலும் ரெண்டு நிமிஷம் யோசிச்சார். வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஏறினார். ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. நடுவுல என்ன பேசினாங்கன்னு கரைக்குக் கேட்கலை. நிலப் பிரச்சினை தீர்ந்துச்சான்னு கேட்டா, இல்லை, அது அப்படியேதான் இருக்கு. இப்போ ஞாயித்துக்கிழமை போன் பேசிக்கிறாங்க. பாதி நேரம் பரிசலைப் பத்திதான்.

செலவு சொல்லிடறேன். மூங்கில், தார்ப்பாய், தார், நூல், தாத்தாவுக்கு மூணு நாள் கூலி எல்லாம் சேர்த்து 5,600 ரூபாய். லைஃப் ஜாக்கெட் தனி. விளக்கா வித்திருந்தா எட்டாயிரம் கையில வந்திருக்கும். லாப நஷ்டக் கணக்கு பார்த்தா தம்பி சொன்னதுதான் சரி. இப்போ அந்தத் தம்பிக்குப் பிளாச்சு வளைக்கத் தெரியும். அதை எந்தப் பக்கத்துல எழுதுறதுன்னு எனக்குச் சொல்லுங்க.

நீங்க தொடங்கணும்னா

இதைக் கேட்டுட்டு உங்க வீட்டுலயும் ஏதாவது கண்ணுல படலாம். படகாத்தான் இருக்கணும்னு இல்லை. தையல் மெஷின், கயித்துக் கட்டில், தாத்தாவோட சைக்கிள். நாலு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன்.

ஒண்ணு, கை வைக்கிறதுக்கு முன்னாடி அதைப் பயன்படுத்துனவங்களைக் கூப்பிடுங்க. வீடியோ பார்த்துக் கத்துக்கலாம்தான். ஆனா "வேணும்னே விட்ட இடைவெளி" எதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ரெண்டு, பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்து வைங்க. எங்ககிட்ட இப்போ அந்தச் சாக்குகளோட படம் இருக்கு, சித்தப்பா குரல்ல கதையும் இருக்கு.

மூணு, அது மறுபடி வேலை செய்யப் போகுதா, அலங்காரமா நிக்கப் போகுதான்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. அலங்காரமா வைக்கிறது தப்பில்லை. ரெண்டுக்கும் வேலை வேற வேற.

நாலு, தண்ணி, நெருப்பு, கரண்ட் சம்பந்தப்பட்டதுன்னா பாதுகாப்பை மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. ஒகேனக்கல்லயே நீர்வரத்து அதிகமானா பரிசலை நிறுத்திடுறாங்க, ஏறுறவங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அங்க இருக்கிறவங்க தலைமுறை தலைமுறையா ஓட்டுறவங்க. நாம வாரக் கடைசியில ஓட்டுறவங்க.

எங்க பரிசலுக்கு ரெண்டு, மூணு வருஷத்துல மறுபடி தார் மாத்தணும்னு சித்தப்பா சொல்லியிருக்கார். அடுத்த தடவை நீங்களே பின்னுங்க, நான் நாற்காலி போட்டுப் பார்க்கிறேன்னும் சொல்லியிருக்கார். அதுக்காக நானும் தம்பியும் இப்போ அந்தத் தாத்தாகிட்ட மூங்கில் பிளக்கப் பழகிட்டு இருக்கோம்.

உங்க வீட்டுல அப்படி ஒரு பொருள் இருந்தா, அதைச் சரி பண்ணத் தெரிஞ்சவங்க யாருன்னு இந்த வாரம் ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.